பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே: கீதா தத்தின் குரல்

1958ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹௌரா பிரிட்ஜ்' படத்தில், கல்கத்தாவின் கேளிக்கை விடுதி ஒன்றில் ஆட வரும் ஹெலன் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் பாடல் 'மேரா நாம் சின் சின் சூ'. அடுத்த ஆண்டே வெளியான 'காகஸ் கே ஃபூல்' படத்தில், ஆளரவமற்ற படப்பிடிப்புத் தளத்தில் இருவர் ஒருவரையொருவர் பார்த்தபடி பேசாமல் நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஒலிக்கும் பாடல் 'வக்த் நே கியா க்யா ஹஸீன் சிதம்'. முதல் பாடல் துள்ளுகிறது, இரண்டாவது நகரவே தயங்குகிறது. இரண்டையும் பாடியவர் கீதா தத். அந்தக் குரலோடு பழக்கமில்லாத ஒருவர் இவற்றை அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே பெண்தான் பாடினார் என்பதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த வீச்சுக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எந்த வகைப் பாட்டையும் பாடவல்ல திறமை அவருக்கு இருந்தது என்பது ஒன்று. சொந்த வாழ்க்கையின் துயரம் குரலில் இறங்கிவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது எதையும் விளக்கவில்லை. இரண்டாவது, அவருடைய உழைப்பையும் நுட்பத்தையும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. பல ஆண்டுகளாக இப்பாடல்களைக் கேட்டுவரும் எனக்குத் தோன்றுவது வேறு. மெட்டுக்குள் அமர்ந்திருக்கும் ஒரு வாக்கியத்தை, அது மெட்டில்தான் இருக்கிறது என்பதையே கேட்பவர் மறந்துபோகும்படி, பேசுகிற பெண்ணின் வாக்கியமாகத் திருப்பித் தருவதுதான் கீதாவின் தனிக்கலை. பஜனையிலும் விடுதிப் பாடலிலும் தாலாட்டிலும் புலம்பலிலும் மாறாமல் இருப்பது அந்த ஒன்றுதான். அவருடைய இருபத்தைந்து ஆண்டு இசைப் பயணத்தை அந்தக் கலை எப்படி உருவாயிற்று, எங்கே மலர்ந்தது, பிறகு அதற்கு ஏன் இடமில்லாமல் போயிற்று என்ற வரிசையில் பார்ப்பதே பொருத்தம்.

கீதா கோஷ் ராய் சௌத்ரி 1930 நவம்பர் 23 அன்று கிழக்கு வங்காளத்தின் ஃபரீத்பூர் மாவட்டத்தில், இன்றைய வங்கதேசத்தில், ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். 1940களின் தொடக்கத்தில் அக்குடும்பம் நிலபுலன்களை விட்டுப் புறப்பட்டுக் கல்கத்தா, அஸ்ஸாம் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. வீட்டில் அவர் பாடியதைத் தற்செயலாகக் கேட்ட இசையமைப்பாளர் ஹனுமான் பிரசாத், 1946இல் வெளிவந்த 'பக்த பிரகலாத்' படத்தில் அவருக்கு இரண்டே வரிகள் கொடுத்தார். அந்த இரண்டு வரிகளைக் கவனித்தவர், கல்கத்தாவிலிருந்து வந்து பம்பாயில் கால் ஊன்ற முயன்றுகொண்டிருந்த சச்சின் தேவ் பர்மன். ஃபில்மிஸ்தான் நிறுவனத்தின் 'தோ பாய்' படத்துக்கு இந்தப் புதிய பெண்ணே பாட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1947இல் வெளியான அந்தப் படத்தின் 'மேரா சுந்தர் சப்னா பீத் கயா' நாடெங்கும் பரவியது. பாடியபோது கீதாவுக்குப் பதினாறு வயதுதான். பர்மனுக்கும் பம்பாயில் பெயர் வாங்கித் தந்த முதல் பெரிய வெற்றி அதுவே.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நூர்ஜஹான் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். ஷம்ஷாத் பேகத்தின் திறந்த, ஓங்கிய பஞ்சாபிக் குரல் கோலோச்சிக்கொண்டிருந்தது. சுரையா தன் பாடல்களைத் தானே பாடி நடித்துவந்தார். 'மஹல்', 'பர்ஸாத்', 'அந்தாஸ்' ஆகிய மூன்று படங்களால் லதா மங்கேஷ்கர் எல்லோரையும் கடந்து செல்ல இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. இந்த இடைவெளியில் கீதா ராய் ஏறத்தாழ முதலிடத்திலேயே இருந்தார். அவருடைய குரலில் வங்காள உச்சரிப்பின் ஈரம் இருந்தது. நீண்ட முறைசார்ந்த சாஸ்திரியப் பயிற்சி அவருக்கு இல்லை. அந்தக் குறை அவர் பாடுவதில் தெரியத்தான் செய்கிறது, ஆனால் குறையாகத் தெரிவதில்லை. பிர்க்காக்களை அடுக்கிக் காட்டும் ஆசை அவரிடம் கிடையாது. ஸ்வரத்தை விட்டு நழுவி இறங்கும்போது கூட, ஒரு பெண் பேசிக்கொண்டே மூச்சை விடுவது போலத்தான் அது கேட்கிறது.

தொடக்க வெற்றி சோகப் பாடல் என்பதால், அடுத்த சில ஆண்டுகள் அவருக்குச் சோகமும் பக்தியுமே அதிகம் வந்தன. இவற்றில் தனித்து நிற்பது 1950இல் கேதார் சர்மா இயக்கிய 'ஜோகன்'. துறவுக்கோலம் பூண்ட நர்கிஸுக்காக, புலோ சி. ராணியின் இசையில், மீரா பஜனைகள் உட்படப் படத்தின் பெரும்பகுதிப் பாடல்களையும் கீதாவே பாடினார். 'கூங்கட் கே பட் கோல்', 'மத் ஜா ஜோகி' இரண்டையும் இன்றைக்கும் பஜனை மேடைகளில் கேட்கலாம். மீராவை எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் அறிந்த தமிழ்க் காதுக்கு இவை முதலில் மிக எளிமையாகப் படக்கூடும். எம்.எஸ். பாடும்போது மீரா சந்நிதியில் நிற்கிறாள். கீதா பாடும்போது, புறப்பட்டுப் போகிற ஒருவனை வாசல்படியில் மறித்துக்கொண்டு நிற்கிறாள். போகாதே என்று சொல்லும் சொல்லில் இசையைவிட வேண்டுதலே முன்னால் வருகிறது. இதே காலத்தில் அவர் வங்காளியிலும் குஜராத்தியிலும் பாடினார். அவினாஷ் வியாஸ் இசையில் 1949இல் 'மங்கள் ஃபேரா' படத்துக்காகப் பாடிய 'தாளியோ நா தாளே' என்ற கர்பா பாடல் குஜராத்தில் நாட்டுப்பாடல் போலவே ஆகிவிட்டது.

திருப்பம் 1951இல் வந்தது. தேவ் ஆனந்தின் நவ்கேதன் நிறுவனம் தயாரித்த 'பாஜி', குரு தத் இயக்கிய முதல் படம். சாஹிர் லுதியான்வி அதற்கு எழுதிக்கொடுத்த 'தத்பீர் ஸே பிக்டீ ஹுயீ தக்தீர் பனா லே', அமைப்பில் ஒரு கஜல். முயற்சியால் தலைவிதியைத் திருத்திக்கொள் என்று அறிவுரை சொல்லும், கனமான உருதுச் சொற்கள் கொண்ட கவிதை. பர்மன் அதை எடுத்து, கிடார் தாளத்தில் துள்ளும் மேற்கத்திய மெட்டாக்கி, சூதாட்ட விடுதியில் கீதா பாலி பாடும் பாட்டாக மாற்றிவிட்டார். சொல் ஒரு பக்கமும் மெட்டு ஒரு பக்கமுமாக இழுக்கும் இப்படிப்பட்ட பாடலில் பாடகர் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைக் கைவிட்டுவிடுவார். கீதா இரண்டையும் விடவில்லை. 'தத்பீர்', 'தக்தீர்' என்று எதுகையாக வரும் இரு சொற்களையும் தட்டித் தட்டி உச்சரிக்கிறார். கூடவே, எதிரில் இருப்பவனைச் சீண்டி விளையாட்டுக்கு அழைக்கும் புன்னகையையும் குரலில் வைத்திருக்கிறார். அதுவரை பஜனைப் பாடகி என்று எண்ணப்பட்டவர் ஒரே பாட்டில் நகரத்துப் பெண்ணாகிவிட்டார். அந்தப் பாடலின் ஒலிப்பதிவுச் சமயத்தில்தான் குரு தத்தும் அவரும் அறிமுகமானார்கள். 1953 மே 26 அன்று அவர்களுடைய திருமணம் நடந்தது.

இசையமைப்பாளர் ஓ.பி. நய்யாரைப் பற்றிச் சொல்லாமல் அந்த நகரத்துப் பெண்ணின் கதை நிறைவு பெறாது. லாகூரிலிருந்து வந்த நய்யாருக்கு 1952இல் வெளியான 'ஆஸ்மான்' பெரிய வெற்றி எதையும் தரவில்லை. அந்தப் படத்தில் பாடிய கீதாதான் அவரைக் குரு தத்திடம் பரிந்துரைத்தார் என்பது திரையிசை வட்டாரத்தில் நிலைபெற்ற செய்தி. நய்யாரும் குரு தத்தும் சேர்ந்த முதல் படமான 'பாஸ்' ஓடவில்லை. 1954இல் வந்த 'ஆர் பார்' எல்லாவற்றையும் மாற்றியது. 'பாபுஜி தீரே சல்னா', 'யே லோ மேய்ன் ஹாரீ பியா', 'சுன் சுன் சுன் ஜாலிமா', 'ஹூன் அபீ மேய்ன் ஜவான்' என்று ஒரே படத்தில் இத்தனை பாடல்கள் வெற்றி பெற்றது எந்தப் பாடகிக்கும் அரிது. லதாவின் குரலைத் தன் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தாமலே உச்சத்துக்குப் போன இசையமைப்பாளர் நய்யார். அந்த வெற்றியின் அடித்தளத்தில் கீதா இருக்கிறார்.

'பாபுஜி தீரே சல்னா'வின் மெட்டு, கியூபாவின் ஒஸ்வால்தோ ஃபாரெஸ் 1947இல் இயற்றிய 'கிஸாஸ், கிஸாஸ், கிஸாஸ்' என்ற பாடலிலிருந்து எடுத்தது. மெட்டு கடன்தான், ஆனால் அதில் கீதா செய்திருப்பது முழுக்க அவருடையது. பல்லவியில் காதலில் பார்த்து நட என்று எச்சரித்த பிறகு, இந்த வழியில் ஏமாற்று அதிகம் என்ற வரியைத் தொடங்கும் முன் 'ஹான்' என்று ஒரு சிறு சொல் வருகிறது. ஆமாம் என்று தலையசைப்பதைப் போன்ற சொல். கவிதைக்கு அது தேவையில்லை. கீதா அதை எடுத்துச் சொல்லும் விதத்தில்தான் அந்த விடுதிப் பெண்ணுக்கு ஒரு வரலாறு உண்டாகிறது. ஏமாந்து பார்த்தவள், அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள விரும்பாதவள், ஆனாலும் உனக்குச் சொல்லிவைக்கிறேன் என்கிறவள். அரை விநாடிக்கும் குறைவான ஓர் ஒலியில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1955இல் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' வந்தது. மதுபாலாவுக்காகப் பாடிய 'தண்டீ ஹவா காலீ கட்டா' குதூகலமான பாடல். அதே படத்தின் 'ப்ரீதம் ஆன் மிலோ', நய்யார் மெட்டமைத்து சி.எச். ஆத்மா முன்பே தனி இசைத்தட்டாகப் பாடிப் புகழ்பெற்றது. கீதா அதைத் தன் சொந்தப் பாட்டாக்கிக்கொண்டார். ரஃபியுடன் சேர்ந்து பாடிய 'ஜானே கஹான் மேரா ஜிகர் கயா ஜீ' அலுவலகத்தில் நடக்கும் ஒரு செல்லச் சண்டை. 1956இன் 'சி.ஐ.டி.' படத்தில் ரஃபி பாடும் 'ஏ தில் ஹை முஷ்கில் ஜீனா யஹான்' பாடலில், கீதாவின் குரல் கடைசியில்தான் நுழைகிறது. பம்பாயில் பிழைப்பது கடினம் என்று ஆண்குரல் அடுக்கிக்கொண்டே போன பிறகு, இங்கே வாழ்வது எளிதுதான் என்று திருப்பிச் சொல்லும் பதில் அவருடையது.

இந்தப் பாடல்கள் பரவிய வழியில் கொழும்புக்கு ஒரு முக்கியப் பங்கு உண்டு. 1952இல், அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கரின் கொள்கையால் ஆல் இந்தியா ரேடியோவில் இந்தித் திரைப்பாடல்கள் ஏறத்தாழ நின்றுபோயின. அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியின் இந்திச் சேவை நிரப்பியது. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து அனுப்பிய 'பினாகா கீத்மாலா' என்ற பாடல் வரிசை நிகழ்ச்சி புதன்கிழமை இரவுகளில் கொழும்பிலிருந்து ஒலிபரப்பானது. 1956ஆம் ஆண்டுக்கான அதன் பட்டியலில் முதலிடம் 'ஏ தில் ஹை முஷ்கில்' பாடலுக்கே கிடைத்தது. தமிழ்நாட்டில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்காக ரேடியோவைத் திருப்பிய வீடுகளிலும், முள் சற்று நகர்ந்தபோது இந்தக் குரல் நுழைந்திருக்கிறது. 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பிறகே இந்திய வானொலியில் இப்பாடல்களுக்கு மறுபடி முறையான இடம் கிடைத்தது.

அக்காலத்து ஒலிப்பதிவு முறையையும் மனத்தில் கொள்வது நல்லது. வாத்தியக் குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடி முடிக்க வேண்டும். ஓர் இடத்தில் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிவரியாகப் பாடி ஒட்டும் வசதி இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் அளவுக்குத்தான் பாட்டு அடங்கும். ஒரு பாத்திரத்தின் மனநிலையை அந்த மூன்றரை நிமிடத்துக்குள் தொடங்கி, வளர்த்து, முடித்துக்காட்ட வேண்டியது பாடகரின் பொறுப்பு. ஒத்திகைக்குத் தவறாமல் வருவது, மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வது, தேவைப்பட்ட நாளில் கிடைப்பது ஆகியவை குரல்வளத்துக்குச் சமமான தகுதிகளாக இருந்தன. கீதாவின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இந்த நடைமுறை உதவும்.

அதற்கு முன் 'பியாசா'. 1957இல் வெளியான இப்படத்தில் பர்மன் இசையில், சாஹிரின் சொற்களில், கீதா பாடியவற்றை அவருடைய உச்சமாகவே கருதுகிறேன். செங்கல்பட்டில் பிறந்து தமிழ், தெலுங்குப் படங்களில் ஆடத் தொடங்கிப் பம்பாய் போன வஹீதா ரஹ்மான் இதில் குலாபோ என்ற விலைமகள். இரவில் தெருவில் ஒருவனை வாடிக்கையாளன் என்று எண்ணித் தன் பின்னால் வரும்படி இழுத்துச் செல்லும் பாடல்தான் 'ஜானே க்யா தூனே கஹீ'. வரிகள் மிகக் குறுகியவை. நீ என்னவோ சொன்னாய், நான் என்னவோ கேட்டேன், ஏதோ ஒன்று கூடிவந்துவிட்டது என்பதற்கு மேல் அதில் விஷயம் இல்லை. கீதா ஒவ்வொரு துண்டையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் அவள் திரும்பிப் பார்த்திருப்பாள், அவன் வருகிறானா என்று காத்திருப்பாள் என்பது படத்தைப் பார்க்காமலே விளங்குகிறது. தொழிலுக்கான அழைப்பும், அதை மீறி எட்டிப்பார்க்கும் கூச்சமும் ஒரே மூச்சில் வருகின்றன.

அதே படத்தின் 'ஆஜ் சஜன் மோஹே அங்க் லகா லோ' வேறொரு உலகம். தெருவில் ஒரு வைணவப் பாடகி ராதையின் ஏக்கத்தைப் பாடிக்கொண்டிருக்கிறாள். குலாபோ அதைக் கேட்டபடி, மொட்டைமாடியில் நிற்கும் கவிஞனை நோக்கிப் படியேறிப் போகிறாள். அவன் தோளுக்கு மிக அருகில் போய், தொடாமலே திரும்பி ஓடிவிடுகிறாள். பர்மன் இதற்கு வங்காளக் கீர்த்தன மரபைக் கையாண்டார். கீதா அந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் அதன் விம்மல் அவருக்கு இயல்பாகவே வந்தது. என்னைத் தழுவிக்கொள் என்று கண்ணனிடம் கேட்கும் பக்திப் பாட்டு, மாடிப்படியில் நிற்கும் ஒரு விலைமகளின் உடல் வேட்கையாகவும் அதே கணத்தில் கேட்கிறது. 'ஜோகன்' காலத்துப் பயிற்சியும் 'பாஜி' காலத்துப் பயிற்சியும் இந்த ஒரு பாட்டில் சந்தித்துக்கொள்கின்றன. ரஃபியுடன் பாடிய 'ஹம் ஆப் கீ ஆங்கோன் மேய்ன்' கனவுக்காட்சிக்கான இனிய பாடல், ஆனால் இந்த இரண்டின் உயரம் அதற்கு இல்லை.

உச்சமும் இறக்கமும் ஒரே ஆண்டில் தொடங்கின என்பதுதான் வேதனை. 1957இல் 'நயா தௌர்' படத்தின் பாடல்கள் மூலம் நய்யாரின் முதன்மைக் குரலாக ஆஷா போஸ்லே மாறினார். அடுத்த ஆண்டின் 'ஹௌரா பிரிட்ஜ்' இந்த மாற்றத்தின் சாட்சி. ஹெலன் ஆடும் 'சின் சின் சூ' கீதாவுக்கு வந்தது. கதாநாயகி மதுபாலாவின் 'ஆயியே மெஹர்பான்' ஆஷாவுக்குப் போனது. இதே காலத்தில் பர்மனுக்கும் லதாவுக்கும் ஏற்பட்ட பிணக்கால், 1960களின் தொடக்கம்வரை பர்மனின் முதல் குரல் என்ற இடம் காலியாக இருந்தது. கீதாவைக் கண்டெடுத்தவரே பர்மன் என்பதால் அந்த இடம் அவருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பங்கு அங்கேயும் ஆஷாவுக்கே போனது. இல்லறத்தில் விரிசல்கள், குழந்தைகள், வெளிப் படங்களுக்குப் பாடுவது குறைந்தது, ஒத்திகைகளுக்கு நேரம் தர முடியாமை ஆகியவை சேர்ந்து, அழைத்தால் உடனே கிடைக்கும் பாடகியாக அவர் இல்லாமல் போனார். குரு தத் அவரையே நாயகியாக்கித் தொடங்கிய 'கௌரி' என்ற படமும் பாதியில் நின்றுபோயிற்று. பின்னணிப் பாடலுக்கான ஃபிலிம்ஃபேர் விருது 1959இல்தான் முதன்முறையாக வழங்கப்பட்டது. கீதாவின் பெரும்பாலான பாடல்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அந்த விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

குரல் தளர்ந்ததால்தான் வாய்ப்பு குறைந்தது என்று எழுதுகிறவர்கள் 1959ஆம் ஆண்டின் இரண்டு பாடல்களைக் கேட்க வேண்டும். ஒன்று, பிமல் ராயின் 'சுஜாதா'வில் பர்மன் இசைத்த 'நன்ஹீ கலீ சோனே சலீ' என்ற தாலாட்டு. காற்றே மெல்ல வா என்று கேட்கும் அந்தப் பாட்டில், குழந்தை விழித்துவிடக் கூடாதே என்ற கவனம் குரலின் ஓசை அளவிலேயே இருக்கிறது.

மற்றொன்று 'வக்த் நே கியா'. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே ஃபூல்', புகழின் உச்சியிலிருந்து சரியும் ஒரு திரைப்பட இயக்குநரின் கதை. குரு தத்தே இயக்கி நடித்தார். அவர் கண்டெடுத்த நடிகையாக வஹீதா ரஹ்மான். ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி, கண்ணாடிகளைக் கொண்டு சூரிய ஒளியைத் திருப்பி, இருண்ட தளத்துக்குள் தூண் போன்ற ஓர் ஒளிக்கற்றையை இறக்கினார். தூசு மிதக்கும் அந்த ஒளிக்கு இரு புறமும் இருவரும் நிற்கிறார்கள். பாடல் முழுவதிலும் எவருடைய உதடும் அசைவதில்லை. பின்னணிப் பாடகரின் வேலை திரையில் அசையும் உதட்டுக்குக் குரல் தருவது. இங்கே அந்த உதடே இல்லாதபோது குரல் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. அவளுடையதாக இருக்கலாம், அவனுடையதாகவும் இருக்கலாம், இருவரும் சொல்ல முடியாமல் விழுங்கியதாகவும் இருக்கலாம்.

கைஃபி ஆஸ்மியின் பல்லவி, காலம் செய்த கொடுமையை அழகானது என்கிறது. நீ நீயாக இல்லை, நான் நானாக இல்லை என்று முடிகிறது. அளவில் சமமான இந்த இரண்டு துண்டுகளில் முதலாவதைக் கீதா சற்று அழுத்தியும், இரண்டாவதை எடை குறைத்தும் சொல்கிறார். பிறரைப் பற்றிச் சொல்வது எளிது, தன்னைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும் என்ற சாதாரண மனித இயல்பு அது. அழுகை எங்கேயும் இல்லை. விம்மலுக்கு இடம் தரக்கூடிய மெட்டில் அவர் அதைத் தவிர்த்திருக்கிறார், கூடுதலாக ஒரு கமகம் கூடச் சேர்க்கவில்லை. சரணத்தில் சுருதி மேலேறும்போதும் சத்தம் கூடுவதில்லை. படம் தோல்வியடைந்தது, அதன் பிறகு குரு தத் எந்தப் படத்தையும் தன் பெயரில் இயக்கவில்லை. பாடல் மட்டும் நிலைத்தது. இதைக் கீதாவின் சொந்த வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. துயரம் எல்லோருக்கும் வருவதுதான். அதை மூன்றரை நிமிடம் சிந்தாமல் ஏந்திச் செல்ல வேறொரு திறன் வேண்டும்.

அதே ஆண்டுகளில் வங்காளத் திரையிசையில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. 1957இன் 'ஹாரானோ சுர்' படத்தில் ஹேமந்த் முகர்ஜி இசையில் 'துமி ஜே ஆமார்' பாடினார். சுசித்ரா சென்னுக்குப் பெரும்பாலும் சந்தியா முகர்ஜிதான் பாடுவார். அந்த வழக்கத்தை மீறிக் கீதாவிடம் கொடுத்த இப்பாடல், வங்காளிகளின் நினைவில் சுசித்ராவின் முகத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. 'நிஷி ராத் பாங்கா சாந்த் ஆகாஷே' என்ற வேறொரு பாடலும் அங்கே இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

வங்காளத்தில் ஹேமந்த் முகர்ஜி என்றும் பம்பாயில் ஹேமந்த் குமார் என்றும் அறியப்பட்ட அவரே 1962இல் 'சாஹிப் பீபீ அவுர் குலாம்' படத்துக்கு இசையமைத்தார். பிமல் மித்ராவின் நாவலைத் தழுவி, அப்ரார் அல்வி இயக்கத்தில் குரு தத் தயாரித்த படம். இதில் பாடல்கள் பிரிக்கப்பட்ட முறை கவனிக்கத் தக்கது. வஹீதாவின் பாத்திரத்துக்கு ஆஷா பாடினார். ஜமீன் மாளிகையின் இளைய மருமகளான மீனா குமாரிக்குக் கீதா பாடினார். 'பியா ஐஸோ ஜியா மேய்ன்' பாடலில் கணவன் வருவான் என்று நம்பி அலங்கரித்துக்கொள்கிறாள். 'கோயீ தூர் ஸே ஆவாஸ் தே' பாடலில் அந்த நம்பிக்கை ஆவியைப் போல மாளிகைக்குள் அலைகிறது. 'ந ஜாவோ சையான்' பாடலில், தாசி வீட்டுக்குப் புறப்படும் கணவனை நிறுத்துவதற்காக, அவன் விரும்பியபடி மது குடித்துவிட்டு, அவன் மேல் சாய்ந்து கெஞ்சுகிறாள். ஷகீல் பதாயூனி எழுதிய அந்தக் கெஞ்சலில் காதல் உண்டு, கோபம் உண்டு, குலப்பெண் இப்படிச் செய்ய நேர்ந்ததன் அவமானமும் உண்டு. போதையைக் காட்டக் கீதா நாக்குக் குழறவில்லை. சொற்களின் ஓரங்களை லேசாகத் தளர்த்துகிறார், அவ்வளவுதான். உறுதிமொழி கேட்கும் இடத்தில் மட்டும் சொல் திடீரென்று தெளிந்துவிடுகிறது. போதைக்குள்ளும் அவள் எதையும் மறக்கவில்லை என்று அந்தத் தெளிவு சொல்லிவிடுகிறது.

பத்தாண்டு கழித்து, 1972 மார்ச்சில் மீனா குமாரியும் அதே ஆண்டு ஜூலை 20 அன்று கீதாவும் ஈரல் நோயால் இறந்தார்கள் என்பதால், இந்தப் பாடலை இரண்டு பெண்களின் வாக்குமூலமாகப் பலரும் கேட்கிறார்கள். பின்னால் நடந்ததை முன்னால் வைத்துக் கேட்பது அது. 1962இல் ஒரு நடிகையும் ஒரு பாடகியும் வேறொருத்தியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கை தேர்ந்தவர்கள் என்பதால்தான் அந்த இன்னொருத்தி இன்றும் நம் முன் நிற்கிறாள்.

1964 அக்டோபர் 10 அன்று குரு தத் மறைந்தார். அதன் பிறகு கீதாவின் உடலும் மனமும் நெடுநாள் தேறவில்லை. மூன்று குழந்தைகளோடும் பணநெருக்கடியோடும், மேடைக் கச்சேரிகள், வங்காளத்துப் பூஜைக்கால இசைத்தட்டுகள் என்று கிடைத்ததைச் செய்தார். 1967இல் 'பது பரண்' என்ற வங்காளப் படத்தில் நடித்தார். இந்தியில் அவரைத் தேடிவந்த பாடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அவற்றில் மூன்று, 1971இல் பாசு பட்டாச்சார்யா இயக்கிய 'அனுபவ்' படத்தில் உள்ளன. சஞ்சீவ் குமாரும் தனுஜாவும் நடித்த, நகரத்துத் தம்பதியர் இடையே வளர்ந்துவிட்ட தூரத்தைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். இசையமைத்த கானு ராய்க்குப் பெரிய வாத்தியக் குழுவை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பணம் கிடையாது. நாலைந்து வாத்தியங்களும் நிறைய மௌனமும்தான். அந்தப் பற்றாக்குறை இந்தக் குரலுக்கு ஏற்ற இடமாகிவிட்டது. குல்சார் எழுதிய 'மேரீ ஜான் முஜே ஜான் ந கஹோ' பாடலில், என்னை உயிரே என்று அழைக்காதே என்று மனைவி கணவனிடம் சொல்கிறாள். உயிர் என்பது ஒருநாள் போய்விடும் அல்லவா என்பது அவள் சொல்லும் காரணம். 1947இல் கேட்ட பதினாறு வயதுக் குரலின் மினுமினுப்பு இதில் இல்லை. அடிக்குரலில் ஒரு சொரசொரப்பு ஏறியிருக்கிறது, சில வரிகளின் முடிவில் மூச்சு முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. அதை அவர் மறைக்கவில்லை. தலையணையில் பக்கத்தில் படுத்திருப்பவனிடம் பேசும் அளவுக்கே சத்தத்தை வைத்துக்கொண்டு, 'மேரீ ஜான்' என்பதை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சொல்கிறார். ஒருமுறை கொஞ்சலாக வருகிறது, ஒருமுறை கண்டிப்பாக. கடைசியில், தான் எதைக் கூடாது என்று சொன்னாளோ அந்தச் சொல்லாலேயே அவள் அவனை அழைத்துக்கொண்டிருக்கிறாள்.